வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து கல்லூரிக்கு: தொண்டுப் பணியில் பெயர் கொடுக்கும் முன்

வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களில் சிலர் முதல் வருடத்திலேயே ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ‘நமக்கு நாலு பேர் செய்தார்கள், நாமும் செய்ய வேண்டும்’ என்ற எண்ணம் ஒரு பக்கம். சனி, ஞாயிறு வந்தால் ஹாஸ்டல் காலியாகிவிடும், போக ஓர் இடம் வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. நிறுவனங்களுக்கும் இவர்களைப் பிடிக்கும். சொன்ன நேரத்துக்கு வருவார்கள், குழந்தைகளோடு சீக்கிரம் பழகிவிடுவார்கள், ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவார்கள். சிக்கல் தொடங்குவதே அந்தத் தயக்கத்தில்தான்.

தொண்டுப் பணி இவர்களுக்கு நல்லதா என்றால், நல்லதுதான். ஆனால் தங்குமிடம், பணம், பாடம் மூன்றும் ஓரளவு நிலைபெற்றிருக்க வேண்டும். கொடுக்கப்படும் வேலை அவர்களுடைய கடந்த காலத்தை மூலதனமாகக் கேட்காததாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஆர்வத்தை மட்டும் நம்பிச் சேர்த்துக்கொண்டால், முதலில் அடிபடுவது படிப்பு.

தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பு, பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளையை இன்னொரு குடும்பம் சட்டப்படி பிள்ளையாக்காமல் வளர்க்கும் ஓர் ஏற்பாடு. அதற்கு வயது வரம்பு உண்டு. கல்லூரியில் சேரும் வயதும் அந்த வரம்பு முடியும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதுதான் கஷ்டம். 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், பிற்காப்பை, அதாவது பராமரிப்பு முடிந்த பிறகு தரும் உதவியை, பிள்ளை வெளியேறுவதற்கு வெகு முன்பே திட்டமிட வேண்டும், முடிந்தவரை ஒவ்வொருவருக்கும் துணையாகத் தனியாக ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்கின்றன. நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 25 வயது வரை தனி ஆலோசகரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். உயர்கல்வியில் சேர்பவருக்கு உள்ளாட்சி அமைப்பு 2,000 பவுண்டு தர வேண்டும். அமெரிக்காவில் தகுதி உள்ளவர்களுக்குப் படிப்பு, பயிற்சிச் செலவுக்கென ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தனி உதவி உண்டு. அங்கே 13 வயது நிரம்பிய பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்திருந்தால், கூட்டரசின் கல்வி உதவி விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமான விவரம் தர வேண்டியதில்லை. பலருக்கு இது தெரிவதில்லை. இல்லாத பெற்றோரின் கணக்கைத் தேடி வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவு பிற்காப்பு நிதி உதவியைப் பற்றிப் பேசுகிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய். ஆனால் அந்தப் பிரிவின் வாசகம் குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறுபவர் என்றுதான் இருக்கிறது. எனவே நிறுவனத்தில் இல்லாமல் குடும்பத்தில் வளர்ந்தவர், தமக்கு அது பொருந்துமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்துமூலம் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கும் நேரம் 18 முடிவதற்கு முன்பு. முடிந்த பிறகு கேட்டால் ‘இப்போது நீ எங்கள் பட்டியலில் இல்லை’ என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

முதலில் விடுமுறை, பிறகு தொண்டு

கல்லூரிக் காலத்தில் இவர்களைக் கவிழ்ப்பது தேர்வைவிட விடுமுறைதான். ஹாஸ்டல் மூடும் தேதி எல்லோருக்கும் ஒரே தேதி. மற்றவர்களுக்கு அது பேருந்து டிக்கெட் வாங்கும் வேலை. இவர்களுக்கு வீடு தேடும் வேலை. இங்கிலாந்துச் சட்டம் இதைத் தனியாகவே கவனித்திருக்கிறது: பராமரிப்பிலிருந்து வந்து உயர்கல்வி படிக்கும் 25 வயதுக்குட்பட்டவருக்கு, விடுமுறையில் கல்லூரித் தங்குமிடம் கிடைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பு இடம் தர வேண்டும், அல்லது இடம் பிடிக்கப் பணம் தர வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் மாணவரே முன்னால் நகர வேண்டும். சேர்ந்த முதல் மாதத்தில் அந்த ஆண்டு முழுவதற்குமான ஹாஸ்டல் மூடும் தேதிகளை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ‘எங்கே தங்குவேன், யார் பணம் கட்டுவார்’ என்று எழுத வேண்டும். ஒரு கட்டமாவது காலியாக இருந்தால் மாணவர் நல அலுவலரிடம் பேச வேண்டிய நாள் அன்றைக்குத்தான், மூடுவதற்கு முந்தின வாரம் அல்ல.

விடுமுறையில் தங்க இடம் தருவதாகச் சொல்லித் தன்னார்வலராகச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. தலைக்கு மேல் கூரை கிடைக்கிறதே என்று ஒப்புக்கொள்ளத் தோன்றும். தங்குமிடத்துக்குப் பதிலாக வேலை என்றால் அது தன்னார்வம் ஆகாது. எத்தனை மணி நேர வேலை, வேலையை நிறுத்தினால் அறையைக் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பெட்டியைத் தூக்கக் கூடாது.

ஆவணங்கள் அடுத்தது. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, தடுப்பூசி மற்றும் மருத்துவப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பராமரிப்பில் இருந்தார் என்று அதிகாரபூர்வத் தாளில் ஒரு கடிதம். அமெரிக்காவில் இவற்றில் பெரும்பாலானவற்றை 18 வயதில் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாளைவிட அதிகம் மறந்துபோவது தொலைபேசி எண். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் பழைய வளர்ப்புக் குடும்பத்தின் எண்ணிலோ, சமூகப் பணியாளரின் எண்ணிலோ பதிவாகியிருக்கும். உதவித்தொகை வரும் நாளில் ஓடிபி அங்கே போகும். அவர் எடுக்க மாட்டார், அல்லது எண் மாறியிருக்கும். கல்லூரிக்குக் கிளம்பும் முன் எல்லாக் கணக்கையும் தன் எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும்.

விண்ணப்பப் படிவம்

தன்னார்வலர் படிவம் இரண்டு பக்கம்தான் இருக்கும். அதில் நான்கு இடத்தில் இவர்களின் பேனா நின்றுவிடும். ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து’ முதலாவது. பதினெட்டு முடிந்தவருக்கு அது தேவையே இல்லை. படிவத்தை அச்சடித்தவர் பழைய பள்ளிப் படிவத்தைப் பார்த்து எழுதியிருப்பார். கோடு போட்டுவிட்டு ‘வயது 18 நிறைவு’ என்று எழுதினால் போதும். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் உறவினர்தான் வேண்டும் என்பதில்லை. ஹாஸ்டல் காப்பாளர், பேராசிரியர், நண்பர் யாராகவும் இருக்கலாம், அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தால் சரி. மூன்றாவது, ‘உங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாகத் தெரிந்த இருவர்’. அடிக்கடி வீடும் பள்ளியும் மாறியவருக்கு அப்படி இருவர் அமைவது லேசில்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவர், முன்பு இருந்த சமூகப் பணியாளர் ஒருவர் என்று கேட்டுப்பார்க்கலாம். நிறுவனமும் ஆறு மாதப் பழக்கத்தை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

நான்காவதுதான் பெரிய முடிச்சு: பழைய முகவரிகள். இங்கிலாந்தில் குழந்தைகளோடு வேலை செய்பவருக்கான பின்னணிச் சரிபார்ப்பில் கடந்த 5 ஆண்டு முகவரிகளை இடைவெளி இல்லாமல் தர வேண்டும். பதினான்கு வயதில் மூன்று மாதம் மட்டும் இருந்த வீட்டின் கதவு எண் யாருக்கு நினைவிருக்கும்? அந்த வரிசை, அவருடைய பராமரிப்பைப் பற்றி அதிகாரிகள் வைத்திருக்கும் கேஸ் ஃபைலில் இருக்கும். அங்கே பராமரிப்பில் இருந்தவரின் கோப்பைப் பொதுவாக அவரது 75ஆம் பிறந்தநாள் வரை பாதுகாக்க வேண்டும். தன் கோப்பைக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் முகவரிக்காகக் கோப்பைத் திறக்கிறவர், தன்னை ஏன் குடும்பத்திலிருந்து பிரித்தார்கள் என்ற பக்கத்தையும் படித்துவிடுவார். அதனால் முழுக் கோப்பையும் கேட்காமல், ‘தேதிவாரியாகத் தங்கிய முகவரிகள் மட்டும்’ என்று கேட்பது நல்லது. முழுவதையும் படிக்க விரும்பினால் தேர்வு இல்லாத ஒரு வாரத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு படிக்கலாம்.

எந்த வேலை முதலில்

பராமரிப்பில் வளர்ந்தவரைப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளிடமே அனுப்புவது நிறுவனங்களுக்கு முதலில் தோன்றும் யோசனை. எங்கள் பார்வையில் அது கடைசியாக வர வேண்டியது. அந்தக் குழந்தை அழும் காரணம் இவருக்குச் சொல்லாமலே புரியும். பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். தூக்கம் கெடும், பழைய நினைவு கிளம்பும், விதியை மீறித் தன் போன் எண்ணைக் கொடுத்துவிடுவார், நள்ளிரவில் வரும் செய்திக்குப் பதில் போடுவார், தன் உணவுப் பணத்தில் குழந்தைக்குச் செருப்பு வாங்குவார். இவற்றில் இரண்டு தென்பட்டாலே ஒருங்கிணைப்பாளர் வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும், பாராட்டக் கூடாது.

முதல் செமஸ்டரில் ஒன்றும் வேண்டாம். இரண்டாவதில் வாரம் இரண்டு, மூன்று மணி நேரம், எட்டு வாரம் என்று முடிவுத் தேதியோடு ஒரு வேலை: பொருள் பிரித்து அடுக்குவது, கணக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு, நூலக அட்டவணை. பிறகு குழுவாகப் பாடம் சொல்லித் தருவது, இன்னொரு தன்னார்வலர் அறையில் இருக்கும்படி. ஒரு குழந்தைக்கு ஒரு வழிகாட்டி என்ற பொறுப்பை, குறைந்தது ஓராண்டு தொடர முடியும் என்ற நிலை வந்த பிறகே ஏற்க வேண்டும். பழகிவிட்டுப் பாதியில் காணாமல்போகும் பெரியவர்களை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்தவர்கள். இல்லங்களில் வந்து போகும் தன்னார்வலர்களால் குழந்தைகளுக்கு ஏற்படும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே நாடுகளைக் கேட்டுக்கொண்டது. தான் வளர்ந்த அதே அமைப்பிலோ, தம்பி தங்கைகள் இன்னும் இருக்கும் இடத்திலோ சேர்வதைச் சில ஆண்டுகளாவது தள்ளிப்போடலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் மேற்பார்வைப் பேச்சு அவசியம். ‘எல்லாம் ஓகேயா?’ என்றால் ‘ஓகே’ என்றுதான் பதில் வரும். ‘போன வாரம் எந்த வேலை கனமாக இருந்தது? அசைன்மென்ட் ஏதாவது தள்ளிப்போனதா?’ என்று கேட்க வேண்டும்.

ஐந்து நிமிடப் பேச்சு

‘அடுத்த மாதம் நன்கொடையாளர் கூட்டம் இருக்கு, நீ வந்து அஞ்சு நிமிஷம் உன் கதையைப் பேசினால் போதும்மா.’ இந்த வாக்கியம் வராத நிறுவனம் அபூர்வம். கேட்பவர் கெட்டவர் இல்லை. அறையில் பணம் திரள வேண்டும், கண்ணீர் வந்தால் திரளும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் வீடியோவாக இணையத்தில் ஏறும். வகுப்புத் தோழர் பார்ப்பார், நாளை வேலைக்கு எடுப்பவர் பார்ப்பார், பெற்ற தாயும் பார்க்கக்கூடும். இந்தியாவில் பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேசுபவருக்கு 19 ஆகியிருக்கலாம். ‘என் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள்’ என்ற ஒரு வரியில் தங்கை அடையாளமாகிவிடுவாள்.

பேச விருப்பமே இருந்தால், கேட்ட அன்றே ஒப்புக்கொள்ளாமல் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். பதிவு எங்கே வெளியாகும், எத்தனை காலம் இருக்கும், எடுக்கச் சொன்னால் யார் எத்தனை நாளில் எடுப்பார், உரையை முன்கூட்டிப் பார்த்துத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்க வேண்டும். மற்ற பேச்சாளருக்குப் பணமோ பயணப்படியோ தருகிறார்கள் என்றால் இவருக்கும் தர வேண்டும். விருப்பம் இல்லையென்றால் விளக்கம் தேவையில்லை. ‘என் வேலையைப் பற்றிப் பேசுகிறேன், என்னைப் பற்றி வேண்டாம்’ என்பது முழுமையான பதில். ‘விடுமுறையில் ஹாஸ்டல் மூடினால் பராமரிப்பிலிருந்து வந்த மாணவருக்குப் போக இடமில்லை, ஓர் அறைக்கு மாத வாடகை இவ்வளவு’ என்று கணக்கோடு பேசியும் நன்கொடை கேட்க முடியும்.

பணத்தில் இன்னொன்று. ‘பில் கொடுங்கள், மாதக் கடைசியில் தருகிறோம்’ என்பது வீட்டிலிருந்து பணம் வாங்கக்கூடியவருக்குச் சரிப்படும். கையில் மிச்சமே இல்லாதவர் பேருந்துக்குக் காசில்லாமல் வராமல் இருந்துவிட்டு, காரணம் சொல்ல வெட்கப்பட்டு அப்படியே நின்றுவிடுவார். நிறுவனம் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதிவைக்கும். பயணச் செலவை எல்லாத் தன்னார்வலர்களுக்கும் முன்பணமாகக் கொடுத்தால் யாரும் தனியாகக் கேட்க வேண்டியிராது.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வேலையை நிறுத்திவைக்கும்போதும், ஒரேயடியாக விலகும்போதும் ஒரே முறைதான்: எழுதித் தெரிவிப்பது, கையிலிருக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. குழந்தைகளோடு இருந்தால், கடைசி நாளைக் குறைந்தது மூன்று சந்திப்புகளுக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ‘சீக்கிரம் வருவேன்’ என்று பொய்யாகச் சொல்லக் கூடாது. விலகிய ஒரு வாரத்துக்குள் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடலாம். அதில் செய்த வேலை, மொத்த மணி நேரம், காலம், கையெழுத்திடுபவரின் பதவி இருக்க வேண்டும். ‘பராமரிப்பில் வளர்ந்திருந்தும் சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அதை நீக்கி வேறு அடித்துத் தரச் சொல்லலாம்.