ஆல்பிடோ: வெண்மையா, எதிரொளியா?

1671-இல் சனிக்கோளின் ஐயாபெட்டஸ் என்ற நிலவைக் கண்டுபிடித்த வானியலாளர் காசினிக்கு ஒரு குழப்பம். சனிக்கு மேற்கே வரும்போது நிலவு தெரிந்தது. கிழக்கே போனால் காணாமல் போனது. கிழக்கிலும் அதைப் பிடிக்க 1705 ஆகிவிட்டது, அதுவும் ஒரு நல்ல தொலைநோக்கியால், மிக மங்கலாக. ஒரு முகம் வெளுப்பு, மறுமுகம் கறுப்பு என்று அவர் போட்ட கணக்கு சரிதான். வெளுத்த பக்கம் விழும் ஒளியில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்புகிறது. கறுத்த பக்கம் 5 விழுக்காடு அளவே. இப்படித் திரும்பும் பங்கைச் சொல்லும் எண்தான் ஆல்பிடோ.

லத்தீனில் அல்பஸ் என்றால் வெள்ளை. முட்டை வெள்ளைக்கருவின் ஆல்புமினும் அதே வேர்தான். லாம்பர்ட் என்ற அறிஞர் 1760-இல் எழுதிய ஒளியளவியல் நூல் இச்சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தது. எல்லா ஒளியையும் விழுங்கினால் 0, முழுதும் திருப்பினால் 1. பௌர்ணமியில் தகதகக்கும் நம் நிலாவுக்கு வெறும் 0.12, பழைய தார்ச்சாலையைப் போலத்தான்.

தமிழில்? வெளிச்சமும் வெள்ளியும் 'வெள்' என்ற வேரிலிருந்தே வருவதால் 'வெண்மை' என்று வைக்க ஆசை வரும். (கோள்களிலேயே மிக அதிக ஆல்பிடோ வெள்ளிக்குத்தான்!) ஆனால் செம்மண்ணுக்கும் ஆல்பிடோ உண்டே. புழக்கத்தில் உள்ள 'எதிரொளிதிறன்' என்பதே என் தேர்வு. அதிலும் ஒரு குறை: கேட்டதும் கண்ணாடி நினைவுக்கு வருகிறது. நிலவின் தரையோ ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும்.

அங்கேதான் தரையின் பொடித்தன்மை வருகிறது. தெளிந்த பனிக்கட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள், ஒளி ஊடுருவிப் போய்விடும். அதையே நொறுக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பொருள் அதேதான், ஒவ்வொரு துகளின் விளிம்பும் ஒளியை மடக்குகிறது, அவ்வளவே. சனியின் இன்னொரு நிலவான என்சலடஸின் தென்துருவத்திலிருந்து பீறிடும் பனித்தூள் தரையில் மீண்டும் படிந்துகொண்டே இருக்கிறது. அதைக் கண்டது 2005-இல், காசினியின் பெயரையே தாங்கிய விண்கலம். என்சலடஸின் வடிவியல் எதிரொளிதிறன் ஏறக்குறைய 1.38!

ஒன்றைத் தாண்டலாமா? இந்த அளவு, சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும்போது எடுப்பது. ஒளியை முழுதும் சிதறடிக்கும் அதே அளவுத் தட்டையான வட்டோடு ஒப்பிடுவது. பனித்தூள் வந்த வழியிலேயே கூடுதல் ஒளியை அனுப்புவதால் வட்டை முந்துகிறது. எல்லாத் திசையையும் கூட்டிப் பார்க்கும் பாண்ட் எதிரொளிதிறனில் அதே என்சலடஸுக்கு 0.8 அளவுதான்.