கிராண்ட் உங்களோடு தானாக வந்துவிடாது

இந்த வாரமும் அதே மாதிரி ஒரு கடிதம். "திங்கட்கிழமை புது நிறுவனத்தில் சேர்கிறேன். மீதமுள்ள புராஜெக்ட் பணத்தை அங்கே அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கருவிகளை ஏற்ற வண்டி வரும்." எழுதியவர் திறமையான ஆய்வாளர், மூத்தவர். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று. இனி சில மாதங்களுக்கு அவர் வேலை முடங்கித்தான் கிடக்கும்.

ஆய்வு நிதிப் பிரிவில் இருப்பவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். ஆனாலும் மறுபடி சொல்கிறேன்: கிராண்ட், அதாவது ஆய்வுத் திட்டத்துக்கென நிதி அமைப்பு தரும் பணம், உங்களுக்குக் கொடுக்கப்பட்டதல்ல. திட்டத்தை எழுதியது நீங்கள், நிபுணர் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னது நீங்கள், இரவு பகலாக உழைத்ததும் நீங்கள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் சார்பில் அதன் அதிகாரி கையெழுத்திட்டிருப்பார். பணம் வந்ததும் நிறுவனத்தின் கணக்குக்குத்தான். தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நிறுவனமே.

மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச்சில், பழைய நிறுவனம் திட்டத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். புது நிறுவனம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகே ஒப்புதல். உங்களுக்குப் பதில் வேறொரு முதன்மை ஆய்வாளரை முன்மொழிந்து, திட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பழைய நிறுவனம் கேட்கவும் வழி உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதி ஆய்வாளரோடு நகரக்கூடியது என்பார்கள். அங்கும் ஒப்பந்தம் திருத்தப்படாமல் எதுவும் நகராது.

மீறினால் என்ன ஆகும்? 2015இல் ஓர் அல்சைமர் ஆய்வாளர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தை விட்டுத் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். திட்டமும் தரவும் யாருக்கு என்ற சண்டை நீதிமன்றம் ஏறியது. 2019இல் சமரசமானபோது, அவரைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் 5 கோடி டாலர் கொடுத்து, பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டது.

கருவிகள் விஷயம் இன்னும் சிக்கல். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு சொத்து எண் ஒட்டியிருக்குமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த எண்ணை வைத்து, எந்தத் திட்டப் பணத்தில் வாங்கியது, துறை நிதியும் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எடுத்துப் போகலாமா கூடாதா என்ற பேச்சே. தயாரிப்பாளரின் இன்ஜினியர் வராமல் லேசரையோ மைக்ரோஸ்கோப்பையோ கழற்றாதீர்கள். வாரண்டி போகும், அலைன்மென்ட்டும் போகும்.

மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்திருக்கும் ஃப்ரீசரை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசருக்குக் கிடைத்த அனுமதி உள்ளே இருப்பவற்றுக்குச் செல்லாது. மேல் தட்டில் வேறொரு ஆய்வகம் எம்டிஏ (ஆய்வுப் பொருளைக் கைமாற்றும் ஒப்பந்தம்) போட்டுத் தந்த செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் உயிரணுக்கள்). அது இந்த நிறுவனத்துக்குத் தந்தது, கொண்டுபோக அவர்களிடம் புதிதாகக் கேட்க வேண்டும். கீழ்த் தட்டில் நோயாளிகளின் ரத்த மாதிரிகள். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேறு இடத்துக்குக் கொண்டுபோக இடம் தருகிறதா? புது நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்ததா? நடுவில் மார்க்கரில் கிறுக்கிய பெயரில்லாப் பெட்டிகள். அவற்றைப் படிக்கத் தெரிந்த மாணவர் போன வருடமே போய்விட்டிருப்பார்.

ஆகவே, வேலை மாறும் எண்ணம் உறுதியானதுமே நிதிப் பிரிவுக்கு வாருங்கள். ரகசியம் காப்போம், அதுவும் எங்கள் வேலைதான். புது இடத்தில் கையெழுத்திடும் முன்பே எந்தக் கருவி வரும், எது வராது, வராததை அவர்கள் வாங்கித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓவர்ஹெட் விகிதம், அதாவது நிர்வாகச் செலவுக்கென நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு, அங்கே வேறாக இருக்கும். பட்ஜெட்டை மறுபடி போடுங்கள். செலவுக் கணக்கையும் இடைக்கால அறிக்கையையும் முடித்துக் கொடுக்காமல் கிளம்பாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பழைய கணக்கு மூடி, புதுக் கணக்கு திறக்கும் வரை உங்கள் புராஜெக்ட் ஊழியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள். கருவிப் பட்டியலோடு வருபவர்கள் பலர். கூட வரப்போகும் மாணவர் யார், இங்கேயே தங்கி முடிக்கப்போகிறவர் யார், அவருக்கு வழிகாட்டி யார் என்ற பட்டியலையும் தயவுசெய்து கொண்டுவாருங்கள்.