ஆட்டோமேட்டிக் காரில் அந்த ‘எம்’ எதற்கு? மலை இறங்கும்முன் படித்துவிடுங்கள்

“ஏனுங்க, கியர் மாத்துற தொல்லையே வேண்டாம்னுதானே ஆட்டோமேட்டிக் வாங்கினேன்? அப்புறம் எதுக்குங்க இந்த எம்மு, ப்ளஸ்ஸு, மைனஸ்ஸு?”

நீலகிரி மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். அதுவும் பெரும்பாலும் முன்சக்கரத்தில் புகை கிளம்பிய பிறகுதான் வரும். ‘எம்’ என்றால் மேனுவல்: ப்ளஸ், மைனஸ் தட்டி கியரை நீங்களே கூட்டிக் குறைக்கும் நிலை. அது எதற்கு என்றால் என் பதில் ஒன்றுதான்: மலை இறங்குவதற்கு. வேறு சில உபயோகங்களும் உண்டு, அவை இரண்டாம் பட்சம்.

2014-இல் மாருதி செலெரியோ ஏஎம்டி கியருடன் (சாதாரண கியர்பெட்டியிலேயே கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும் வகை) வந்த பிறகு, ஆட்டோமேட்டிக் என்பது பணக்கார வண்டி என்ற நிலை போய்விட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கிளட்ச் மிதித்துப் பழகாமல் நேராக ஆட்டோமேட்டிக்கில் ஏறிய ஒரு தலைமுறைக்கு, லாரி டிரைவர்கள் சொல்லும் பழைய பாடம் வந்து சேரவில்லை: எந்தக் கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு.

ஏறும்போது ‘டி’-யில் (டிரைவ், வண்டியே கியர் மாற்றும் நிலை) வைத்தாலே போதும். பாரம் தெரிந்து வண்டியே இரண்டுக்கோ மூன்றுக்கோ இறங்கிவிடும். இறக்கத்தில் கதை வேறு. நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். வண்டி ‘பாரம் இல்லை, பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம்’ என்று நினைத்து மூன்று, நான்கு என்று மேலே போகிறது. இறக்கத்தை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் புத்தி இப்போது சில வண்டிகளில் உண்டு. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்பதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்: இறக்கத்தில் காலை எடுத்ததும் வேகம் ஏறிக்கொண்டே போனால் இல்லை. சிறிய பெட்ரோல் கார் ஒன்று 30 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கியரில் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 சுற்று சுற்றும், வண்டியை நன்றாக இழுத்துப் பிடிக்கும். அதே வேகம் நான்காவது கியரில் என்றால் ஆயிரத்துச் சொச்சம்தான். பிடிப்பே இருக்காது. மொத்தப் பொறுப்பும் பிரேக் தலையில்.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஆட்களும் பெட்டி படுக்கையும் சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வையுங்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 2 கோடி ஜூல். மூன்றில் ஒரு பங்கை டயரும் காற்றும் தின்றுவிட்டாலும், மிச்சம் இருப்பதை வைத்து 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அத்தனை சூடும் உள்ளங்கை அளவு பிரேக் பேடு நான்கிலும் பின்பக்க டிரம்மிலும்தான் இறங்க வேண்டும், இன்ஜினைக் கொஞ்சம் சுமக்க விடாவிட்டால்.

அப்படி இறங்கிய வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றினால் பார்த்தவுடன் தெரியும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கும். பேடின் முகம் சொரசொரப்பு போய், எண்ணெய் தேய்த்த கருங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். நகத்தால் கீறினால்கூடப் பொடி வராது. இந்த நிலையில் பெடல் கட்டையாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது. இன்னொரு விதம் இதைவிட மோசம்: பெடல் மெத்தென்று உள்ளேயே போய்விடும். பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி கட்டிக்கொண்டது என்று அர்த்தம். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்கும் அளவே 140 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னால் “பட்டறைக்காரன் பில் ஏத்தறான்” என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, சமதளத்திலேயே லீவரை ‘எம்’முக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் மிதித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் ஒரு கியர் இறக்குங்கள். தேவைப்பட்டால் இன்னொன்று. நேரான ரோட்டில் இதை முடித்துவிட்டு வளைவுக்குள் போங்கள். வளைவுக்கு நடுவில், அதுவும் மழை ரோட்டில் திடீரென்று கியரை இறக்கினால் டயர் வழுக்கலாம். செங்குத்தான இறக்கத்துக்கும் கொண்டை ஊசி வளைவுக்கும் ஒன்று அல்லது இரண்டு, கொஞ்சம் சாய்வு குறைந்த நீளமான இடங்களுக்கு மூன்று. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் தொடாமல் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் அதுதான் சரியான கியர். பிரேக்கை ஒரேயடியாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வேகம் ஏறினால் அழுத்தி ஒரு பிடி, குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

லீவரை முன்னே தள்ளினால் கியர் கூடுமா குறையுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதை மலையில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டாம், ஊருக்குள்ளேயே பழகிவிடுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றும் தகடு (பேடில் என்பார்கள்) உள்ள வண்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ‘டி’-யில் வைத்தபடி பேடிலைத் தட்டினால், பல வண்டிகள் கொஞ்ச நேரம் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தானாகப் பழைய ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பிவிடும். நீண்ட இறக்கத்துக்கு லீவரையே ‘எம்’முக்கோ ‘எஸ்’ஸுக்கோ (ஸ்போர்ட்) மாற்றுங்கள். சிவிடி என்ற வகை ஆட்டோமேட்டிக்கில் உண்மையான பற்சக்கரக் கியர்கள் கிடையாது. அதில் ‘எல்’ (லோ) அல்லது ‘எஸ்’ இந்த வேலையைச் செய்யும். பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் ‘2’, ‘எல்’ என்று இருக்கும். சில ஹைபிரிட் வண்டிகளில் ‘பி’ (B) என்றொரு நிலை உண்டு, பார்க்கிங்குக்கான ‘பி’ (P) இல்லை, வேறு. பெயர்தான் வேறு வேறு, காரியம் ஒன்று.

“இன்ஜின் கத்துதுங்களே, கெட்டுப்போயிராதா?” என்று அடுத்த கேள்வி வரும். 3,500, 4,000 சுற்றில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. எல்லை மீறும் அளவுக்கு வேகமிருந்தால், நீங்கள் தட்டினாலும் வண்டி கியரை இறக்காது. அந்தக் காவல் உள்ளேயே இருக்கிறது. பெட்ரோலும் வீணாகாது: கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் இஞ்செக்டர் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் மலை இறங்குபவர்கள் ஆபத்தையும் செலவையும் சேர்த்து வாங்குகிறார்கள். இன்ஜினையே அணைத்து இறங்குபவர்களும் உண்டு. நாலு மிதிக்குள் பிரேக் பூஸ்டரின் (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) உதவி தீர்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. இன்ஜின் பிடிப்பில் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒருவர் வந்தால், பிரேக்கை லேசாக ஒரு தொடு தொட்டுக் காட்டிவிடுங்கள்.

ஏற்றத்தில் ‘எம்’ எப்போது? ஏஎம்டி வண்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாறி மாறித் திண்டாடும்போது இரண்டில் நிறுத்தி வையுங்கள். இருவழிச் சாலையில் முந்தும்போதும் உதவும்: காலை முழுசாக மிதித்துவிட்டு வண்டி யோசிக்கும்வரை காத்திருப்பதைவிட, முந்துவதற்கு முன்பே ஒரு கியர் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏஎம்டியில் கியர் மாறும்போது வண்டி ஒரு அரை விநாடி இழுவை விட்டுத் தலையாட்டும். அந்தத் தலையாட்டல் எதிர்ப்பக்க லேனில் இருக்கும்போது வரவே கூடாது.

ஆனால் ‘எம்’ காப்பாற்றாத இடம் ஒன்றிருக்கிறது. சீசன் நெரிசலில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும். அப்போது பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைப்பார்கள். ஏஎம்டியிலும் டிரை கிளட்ச் டிசிடியிலும் (ஆயிலில் ஊறாத இரட்டைக் கிளட்ச் வகை) இது கிளட்சைத் தேய்த்துத் தீய்க்கும் வேலை. எந்த மோடில் இருந்தாலும் தீயும். நின்றால் பிரேக்கோ ஹேண்ட்பிரேக்கோதான். முன்வண்டி நாலு அடி நகர்ந்தவுடன் நீங்களும் நகர வேண்டியதில்லை, நல்ல இடைவெளி விழட்டும்.

டவுனிலும் நாலுவழிச் சாலையிலும் ‘எம்’ தேவையே இல்லை. மைலேஜ் கூடும் என்று கோவை அவினாசி ரோடு நெடுக லீவரைத் தட்டிக்கொண்டு போகிறவர்களைத் தெரியும். அந்தக் கணக்கில் கம்ப்யூட்டர் நம்மைவிடக் கெட்டி.

இறங்கும் வழியில் தீய்ந்த வாடை வந்துவிட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும் அல்லது விரிசல் விடும். பின்பக்க டிரம்மும் சூடாக இருக்கும் என்பதால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பார்க்கிங் ‘பி’ இருந்தால் அதில் போடுங்கள். ஏஎம்டிகள் பலவற்றில் ‘பி’ கிடையாது, அதில் கியரில் வைத்தபடி இன்ஜினை அணைக்க வேண்டும். ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால், விடாமல் அடித்து அடித்து மிதியுங்கள். ‘எம்’மில் ஒவ்வொரு கியராக இறக்குங்கள். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், பள்ளத்துப் பக்கம் விட்டு மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள்.

எலக்ட்ரிக் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு இன்ஜின் இல்லை, ரீஜென் இருக்கிறது: வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பியே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு. இறங்கும்முன் அதை அதிக அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லாமல் ரீஜென் வெகுவாகக் குறைந்துவிடும். ஊட்டி விடுதியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்புவதை விட்டு, 80-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கும் வழியிலேயே கொஞ்சம் ஏறிவிடும்.