திரும்பி வந்த மின்னஞ்சல்: பெயரை நீக்கும் முன் பிழை எண்ணைப் படியுங்கள்

ஒருவர் எழுதும் மடலை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பும் மடற்குழுக்கள் இயங்கும் மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். எனக்கு வரும் புகார்களில் அதிகம் வருத்துவது இதுதான்: "நான் விலகவே இல்லை. ஆனால் எனக்கு மட்டும் மடல்கள் வருவது நின்றுவிட்டது." பதிவேட்டைத் திறந்தால் அந்த உறுப்பினரின் பெயருக்கு எதிரே 'பவுன்ஸ்' என்ற ஒற்றைச் சொல் நிற்கும். மடல் திரும்பியது, அதனால் சேவை அவரைத் தானாகவே நிறுத்திவிட்டது. ஏன் திரும்பியது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பல சேவைகளில் அதைப் பார்க்க வழியும் இருக்காது.

காரணம் இல்லாமல் எந்த மடலும் திரும்புவதில்லை. ஏற்க மறுக்கும் சர்வர் ஓர் எண்ணையும் ஒரு வரி விளக்கத்தையும் சொல்லித்தான் மறுக்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-இல் வகுக்கப்பட்டபோதே இந்த ஏற்பாடு இருந்தது. எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, பிறகு முயன்று பார்க்கலாம். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. தற்காலிகத் தடை என்றால் குறைந்தது நான்கைந்து நாட்களாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்கிறது 2008-இல் வந்த அதன் திருத்திய வடிவம்.

நிரந்தர மறுப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. 5.1.1 என்றால் அப்படியொரு முகவரியே இல்லை, உடனே நீக்கிவிடலாம். 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. ஆள் இருக்கிறார், வேறு வழியில் அவருக்குத் தகவல் சொன்னால் போதும். 5.7.1 என்றால் அந்த முகவரிக்கு அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை என்று சர்வர் மறுத்திருக்கிறது. இதில் பெறுபவரின் முகவரி நன்றாகவே இருக்கிறது, சிக்கல் பெரும்பாலும் அனுப்பும் பக்கத்தில்தான். இந்த மூன்றையும் 'நிரந்தர பவுன்ஸ்' என்று ஒரே பெட்டியில் போட்டு, மூன்று பேரையும் ஒரே மாதிரி நீக்கும் சேவையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த அநியாயம் எவ்வளவு பெரிதாக நடக்கும் என்பதற்கு 2014 ஏப்ரல் சாட்சி. அப்போது யாஹூ தன் டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கியது; சரிபார்ப்பில் தவறும் மடலை என்ன செய்வது என்று டொமைனின் உரிமையாளர் அறிவிப்பதே டிமார்க். யாஹூ முகவரியின் பெயரில் வரும் மடல் சரிபார்ப்பில் தவறினால் மறுத்துவிடுங்கள் என்று உலகத்துக்கே அறிவித்தது. அதே மாதத்தில் ஏஓஎல் நிறுவனமும் அவ்வாறே செய்தது. போலி மடல்களைத் தடுப்பதே நோக்கம். ஆனால் மடற்குழு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உறுப்பினர் எழுதிய மடலைக் குழுவின் சர்வர் வாங்கி, தானே மறுபடி அனுப்புகிறது. அனுப்பும் சர்வர் மாறுவதால், அந்த டொமைனின் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சரிபார்ப்பு பொருந்தாது. தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் விலகும் குறிப்பையும் சேர்க்கிறது. உள்ளடக்கம் மாறுவதால், மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையொப்பமும் செல்லாது. விளைவு, யாஹூ உறுப்பினர் ஒருவர் எழுதிய மடலை ஜிமெயில் போன்ற பிற சேவைகள் மறுத்தன. அந்த மறுப்புகள் பெறுபவர்களின் கணக்கில் ஏறின. எழுதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசித்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டமாக நிறுத்தப்பட்டார்கள்.

இதற்குத் தீர்வு அப்போதே வந்துவிட்டது. அனுப்புநர் முகவரியாகக் குழுவின் முகவரியை வைத்து, எழுதியவரின் பெயரை அதனருகே காட்டும் அமைப்பு மெயில்மேன் போன்ற மடற்குழு மென்பொருள்களில் இருக்கிறது. இன்றும் அதை இயக்காத குழுக்களை நான் பார்க்கிறேன். ஒரே நாளில் பல உறுப்பினர்கள் நின்றுபோனால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் முகவரியை மாற்றியிருக்க மாட்டார்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை மேலும் இறுக்கியிருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. நாங்கள் சிறிய குழுதானே என்று இருந்துவிடாதீர்கள். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். பலர் பகிரும் ஒரே ஐபி முகவரியிலிருந்து உங்கள் சேவை அனுப்புகிறது என்றால், வேறொருவரின் ஸ்பாமுக்கும் உங்கள் மடல் மறுக்கப்படலாம்.

'மறுபடி சேர்த்துவிட்டேன், இன்னும் போகவில்லை' என்ற புகாருக்கும் காரணம் உண்டு. பல வணிகச் சேவைகள் திரும்பிய முகவரிகளைத் தனியொரு தடைப்பட்டியலில் வைத்திருக்கின்றன. உறுப்பினர் பட்டியலில் சேர்த்தாலும் தடைப்பட்டியலிலிருந்து எடுக்காதவரை மடல் புறப்படவே புறப்படாது. திரையில் மட்டும் அவர் உறுப்பினராகத் தெரிவார்.

பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட்டிருக்கும் உறுப்பினர்களால் இன்னொரு குழப்பம்: பட்டியலிலேயே இல்லாத முகவரியிலிருந்து மறுப்பு வரும். ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனித் திரும்பு முகவரி (மறுப்பு வந்து சேரும் முகவரி) வைத்து அனுப்பும் முறையைக் கணினி அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டீன் 1997-இலேயே வகுத்தார். உங்கள் சேவையில் அது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் மறுப்பு யாருடையது என்று தேட வேண்டியதே இல்லை.

மறுப்பு மடல் போலவே வேடமிட்டு, 'உங்கள் மடல் சேரவில்லை, இங்கே கடவுச்சொல்லைக் கொடுங்கள்' என்று வரும் மோசடிகளும் உண்டு. உண்மையான மறுப்பு மடல் ஒருபோதும் கடவுச்சொல் கேட்காது.

சேவையை மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மறுத்த சர்வர் சொன்ன முழு வரியையும் எனக்குக் காட்டுவீர்களா? காட்டுகிறார்கள் என்றால், அந்த வரியை நாள், நேரத்தோடு நகலெடுத்து, உறுப்பினரிடம் வேறு வழியில் சேர்ப்பியுங்கள். அதை அவர் தன் மின்னஞ்சல் நிர்வாகியிடம் கொடுத்தால், அந்த நிர்வாகி தன் பதிவேட்டில் அந்த நேரத்தைத் தேடி, எந்த விதி மடலைத் தடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார்.