மிதக்காத மிதக்கும் தோட்டம்

மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோவுக்குச் சுற்றுலா வருபவர்களுக்கு, கால்வாய்களுக்கு நடுவே இருக்கும் பாத்திகளை 'மிதக்கும் தோட்டங்கள்' என்று சொல்லிக் காட்டுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட மிதப்பதில்லை. சினாம்பா எனப்படும் அந்தப் பாத்திகள் ஏரியின் தரையில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கின்றன. மிதந்திருந்தால், நீர் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கியிருக்கும். உழவருக்குக் கவலையே இருந்திருக்காது.

இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில், ஏரித் தீவில் எழுந்த டெனோச்டிட்லான் என்ற ஆஸ்டெக் மக்களின் தலைநகருக்குச் சோறுபோட்டவை இவைதாம். ஆழமில்லாத நீரில் கழிகளை நட்டு, நாணலால் வேலி பின்னி, உள்ளே செடிகொடிகளையும் சேற்றையும் மாற்றி மாற்றிக் கொட்டி உயர்த்துவார்கள். பின்னிய வேலியைக் குறிக்கும், ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்தே சினாம்பா என்ற பெயர் வந்தது. கரை சரியாமலிருக்க ஓரங்களில் ஒருவகை வில்லோ மரத்தை நடுவார்கள். அதன் வேர் மண்ணை இறுகப் பிடிக்கும்; கிளைகள் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கியே வளர்வதால் பயிருக்கு நிழல் விழாது. மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, கைதேர்ந்த உழவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பாத்தியின் அகலம் சில மீட்டர்தான். இருபுறக் கால்வாய்களிலிருந்தும் நீர் உள்ளே கசிந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல மண்ணின் நுண்துளைகள் வழியாக வேருக்கு ஏறும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் நீர் சுமார் 30 சென்டிமீட்டர் ஏறும்; துளை சிறுக்கச் சிறுக்க உயரம் கூடும், வேகம் குறையும். ஆகவே பாத்தி நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தாழ்ந்தால் வேர் அழுகும், உயர்ந்தால் பயிர் வாடும்.

உரமும் கால்வாயிலிருந்தே வருகிறது. இலை, நீர்ச்செடி, மீன் கழிவு எல்லாம் அடியில் படிந்து மட்கிய சேற்றை வாரிப் பாத்தியில் பரப்புவார்கள். கால்வாய் தூர்வாரியதும் ஆயிற்று, வயலுக்கு உரமிட்டதும் ஆயிற்று. அதே சேறுதான் நாற்றங்காலும். ஓரிடத்தில் பரப்பி, சற்று இறுகியதும் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் விதை போடுவார்கள். முன்பயிர் நிலத்தில் நிற்கும்போதே அடுத்த நாற்று தயாராகிவிடும். வேர் அறுபடாமல் சதுரத்தோடு பெயர்த்து நடலாம். ஆண்டுக்குப் பல அறுவடைகள் கிடைப்பதில் இந்தச் சேற்றுச் சதுரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மெக்சிகோ நகரமும் சோச்சிமில்கோவும் அமைந்த பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். நீர் மெதுவாகவே குளிரும் என்பதால் கால்வாய்கள் பகல் வெப்பத்தை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிட்டுப் பயிரைக் காக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நீர் வெளியேற இயற்கை வழி கிடையாது. அதனால் டெனோச்டிட்லானைச் சூழ்ந்த டெஸ்கோகோ ஏரி உப்பேறிக் கிடந்தது. உப்புநீர் மண்ணில் ஏறி ஆவியானால் உப்பு மேலே தங்கிப் பயிரைக் கெடுக்கும். 15-ஆம் நூற்றாண்டில் நெசவால்கோயோட்டில் மன்னரின் பெயரால் அறியப்படும் அணை, உப்புநீரை நன்னீரிலிருந்து பிரித்து நிறுத்தியது. 1521-இல் டெனோச்டிட்லான் ஸ்பானியர் வசமானது. பின்னர் வந்த ஆட்சிகள் ஏரிகளை வடித்துவிடுவதிலேயே குறியாக இருந்தன.

சோச்சிமில்கோவின் ஊற்றுநீர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழாய் வழியே நகரத்துக்குப் போனது. இன்று கால்வாய்களில் ஓடுவதில் பெரும்பகுதி நகரம் சுத்திகரித்துத் திருப்பி அனுப்பும் கழிவுநீர். நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையும் அமிழ்கிறது, அதுவும் சீராக இல்லை. ஓரிடத்தில் பாத்தி மூழ்குகிறது. இன்னோரிடத்தில் நீர் எட்டாமல், கால்வாய்க்கு அருகிலேயே பம்பு வைத்துப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது.

இங்கு மட்டுமே இயற்கையாக வாழும் ஆக்ஸலாட்டல் என்ற நீர்வாழ் உயிரினமும் அருகிவிட்டது. கெண்டை, திலாப்பியா போன்ற வந்தேறி மீன்கள் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உழவர்களும் சேர்ந்து சில சினாம்பாக்களின் கிளைக்கால்வாய் வாய்களில் தடுப்பு வடிகட்டிகள் அமைத்திருக்கிறார்கள். மீன் உள்ளே நுழைவதில்லை, நீரும் தெளிகிறது. அந்த நீரையே பாத்தியும் குடிக்கிறது.