மாமரத்து புல்லுருவி உண்மையில எதை திருடுது?

2018 கஜாவுக்கே அசையாம நின்ன எங்க கொல்லை மாமரம் இப்ப கிளை கிளையா காயுது, காரணம் மேல கொத்து கொத்தா தொங்குற புல்லுருவி. வேதாரண்யம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கவங்களுக்கு இத புதுசா சொல்ல வேணாம். உழைக்காம திங்கிற ஆளுங்கள அப்பாயி இந்த பேர சொல்லித்தான் திட்டும், ஆனா செடிய கவனிச்சு பாத்தா அந்த திட்டு பாதிதான் நியாயம்.

இலைய பாருங்க, தடியா பச்சையா இருக்கும். பச்சையம் இருக்கறதால வெயில்ல தன் சாப்பாட்ட தானே செஞ்சுக்கும், இல்லாதது மண்ணுல எறங்குற வேரு மட்டும்தான். அதனால மரப்பட்டைய துளைச்சு உள்ள தண்ணி ஏறுற சைலம் குழாய்ல உறிஞ்சு உறுப்ப கோத்துக்குது. வாய்க்கால்ல ராத்திரியோட ராத்திரியா மடை வெட்டி அடுத்தவன் முறைத்தண்ணிய தன் வயலுக்கு திருப்புறான்ல, அதேதான். மோட்டார் இல்லாம எப்படி இழுக்குதுன்னா, இலைத்துளைய மரத்த விட தாராளமா தொறந்து வச்சு தண்ணிய ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும், மேல காய காய கீழேர்ந்து இழுப்பு கூடும். அதான் அது ஒட்டுன எடத்துக்கு அந்தாண்ட இருக்க கிளை நுனி மொதல்ல காயுது.

எனக்கு ரொம்ப பிடிச்சது விதை பரவுற கதை. செம்மஞ்சள் குழாய் பூவுல தேன்சிட்டு தேன் குடிக்க வந்து மகரந்தத்த கடத்துது, பழத்த முழுசா முழுங்குறது பூக்கொத்தி, 8 செ.மீ. தான் இருக்கும் அந்த குருவி. விதைய சுத்தி இருக்க பசை குருவி வயித்துலயும் செரிக்காது, எச்சத்தோட இழையா தொங்கும், குருவி பின்பக்கத்த கிளைல தேச்சுட்டு பறந்துரும், விதை அங்கயே ஒட்டிக்கும். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி 1931லயே கொங்கண் பக்கம் இத பாத்து எழுதியிருக்கார். கரெண்ட் கம்பில ஒட்டினாலும் முளை விடும், ஆனா கம்பில குடிக்க என்ன இருக்கு, செத்துரும்.

அதுக்காக மரத்து மேல பூக்குறது எல்லாமே திருட்டு இல்லீங்க. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல அபூர்வமா மெடினில்லான்னு ஒரு பூச்செடி கிளை மேல வளருது, மழைத்தண்ணி, பாசி, மக்குன இலை, அத வச்சே பொழச்சுக்கும், மரத்துக்குள்ள கை வைக்காது.

புல்லுருவிய மட்டும் ஒடிச்சா உள்ள கோத்த பாகத்துலேர்ந்து திரும்ப துளிர்க்கும். ரெண்டு தடவை ஒடிச்சு ஏமாந்தப்புறம்தான் மூணாவது தடவை அரிவாளோட ஆள ஏத்தி, ஒட்டுன எடத்துக்கு ஒரு முழம் இந்தாண்ட கிளையோட வெட்ட சொன்னோம்.