எண்பதாவது பிறந்தநாளும் கேக் ஊட்டும் வரிசையும்

என் அடையாள அட்டையில் பேச்சு சிகிச்சையாளர் என்று போட்டிருக்கும், ஆனால் மருத்துவமனையில் என் பாதி நாள் பெரியவர்கள் எதை எப்படி விழுங்குகிறார்கள் என்று பார்ப்பதிலேயே போய்விடும். மணிவிழா, சதாபிஷேகம், ஐம்பதாவது கல்யாண நாள் எல்லாம் அமர்க்களமாக நடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு புகார்தான், அந்த ஊட்டிவிடும் வரிசை.

உங்களுக்கும் தெரிந்த காட்சிதான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஏதோ ஓர் உணவகத்தின் மாடி, ஏழு மணி என்று சொல்லிவிட்டு எட்டரைக்குத்தான் கேக் வெட்டுவார்கள். அதற்குள் தாத்தா களைத்துப்போய் நாற்காலியில் சரிந்திருப்பார். மகன் ஒரு துண்டு, மருமகள் ஒரு துண்டு, பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு, "தாத்தா, இங்க பாருங்க" என்று ஃபோனைக் காட்ட அவரும் வாயில் இருப்பதை விழுங்கி முடிக்காமலேயே சிரித்து வைப்பார். பக்கவாதம் வந்தவருக்கும் பார்க்கின்சன் அல்லது மறதிநோய் உள்ளவருக்கும் இது விளையாட்டல்ல. விழுங்குகிற அந்த நொடியில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். பேசவும் சிரிக்கவும் அது திறந்தாக வேண்டும். இரண்டும் மோதினால் கேக் தூள் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும், சில நாளில் சளி, காய்ச்சல், நிமோனியா என்று வார்டுக்கு வருவார்கள்.

புரை ஏறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லித் தண்ணீரை நீட்டுவது நம் பழக்கம். எப்போதாவது என்றால் சரி. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் களகளவென்று கேட்பது, ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுப்பது, எடை குறைவது, இதையெல்லாம் வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். இருமலே வராமல் சாப்பாடு நுரையீரல் பக்கம் இறங்கிவிடுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் கவலை. மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பே குடும்ப மருத்துவரிடம் சொல்லி எங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் பெரும்பாலும் எதிரி, நாக்கு தயாராவதற்குள் ஓடிவிடும். அதனால் சேமியா பாயசம் இருக்கிறதே, ஒரே கரண்டியில் ஓடுகிற பால், வழுக்குகிற சேமியா, மெல்ல வேண்டிய முந்திரி எல்லாம் சேர்ந்து வருவது, எங்கள் கணக்கில் மிகவும் கஷ்டமான பண்டங்களில் ஒன்று. ரசம் சாதமும் அதே ரகம்தான். மிக்சியில் அரைத்து வடிகட்டி, சிகிச்சையாளர் சொன்ன பதத்துக்குக் கெட்டியாக்கினால் பாயசத்தின் ருசியாவது கிடைக்கும். அந்தப் பதத்துக்கு இப்போது 0 முதல் 7 வரை உலகப் பொது எண்கள் இருக்கின்றன, உங்கள் வீட்டுப் பெரியவரின் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு சமையல்காரரிடம் சொல்லுங்கள். லட்டு, முறுக்கு, மிக்சர் அவர் தட்டில் வேண்டாம்.

விருந்தை மதியத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பார்க்கின்சன் மாத்திரை வேளையை விழாவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள். பல்செட் வாயில் இருக்கட்டும், பையில் இருந்து புண்ணியமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, முடிந்தவரை தன் கையாலேயே, சின்னக் கரண்டியால் சாப்பிடட்டும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. ஃபோட்டோ வேண்டுமென்றால் வரிசையைத் திருப்பிவிடுங்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா ஊட்டட்டும். படம் இன்னும் நன்றாகவே வரும்.

மூச்சு அடைத்து, பேச்சும் இருமலும் வராமல் போனால் தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். முதலுதவி தெரிந்த ஒருவரை அவர் மேசையிலேயே உட்கார வையுங்கள்.

அப்புறம், தினமும் அவருக்குச் சாப்பாடு கொடுக்கிற பணிப்பெண்ணைப் பெரும்பாலும் பைகளோடு ஓரத்து மேசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். எந்தப் பக்கக் கன்னத்தில் சோறு தங்கும் என்று பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் தெரியும். அவளுக்கும் ஒரு தட்டு போட்டு, அவர் பக்கத்திலேயே இடம் கொடுங்கள்.